பம்ப்காரர் கேட்ட கேள்வி

மனைவி மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போது கணவன் எழுந்து சந்தேகம் கேட்டால் யாருக்குத்தான் சுவாரசியமாக இருக்காது? தூங்கி வழிந்துகொண்டிருந்த பின்வரிசைகூட நிமிர்ந்து உட்கார்ந்தது.

கேட்டவர் அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் வெற்றிட பம்ப்புகளைப் பார்த்துக்கொள்கிறவர். அதனால் எல்லோருக்கும் அவர் பம்ப்காரர். மேடையில் நின்ற அவர் மனைவி வெளிச்சத்தை வைத்துச் சூட்டை அளக்கிறவள்.

ஹைட்ரஜன் வாயுவை ஒரு கலத்துக்குள் விட்டு மைக்ரோவேவைப் பாய்ச்சினால், அது பிளாஸ்மாவாகி இளஞ்சிவப்பாக ஒளிரும். எவ்வளவு சூடு என்று பார்க்க உள்ளே வெப்பமானியை விட்டால் ஒன்று அது உருகும், இல்லை பிளாஸ்மாவைக் கெடுக்கும். ஆனால் ஹைட்ரஜன் மூலக்கூறுகள் பம்பரமாய்ச் சுற்றுகின்றன. சூடு ஏற ஏறச் சுற்றும் வேகமும் ஏறும். வெளியே வரும் ஒளியைக் கோடு கோடாகப் பிரித்துப் பார்த்தால் அந்த வேகம் தெரிந்துவிடும். அவள் செய்வது அதைத்தான். எதையும் தொடவே மாட்டாள்.

அந்த அளவு நம்பத்தக்கதா என்று பார்க்கத்தான் வெளியிலிருந்து ஒரு நிபுணர் அம்மா வந்திருந்தார். சிரிப்புக்கும் அவருக்கும் வெகுதூரம். அவர் சரி என்று சொன்னால் கூடத்துக்கு வரப்போகிற புதிய பிளாஸ்மா கலம் முழுக்க அவள் பொறுப்பில் வரும். இல்லையென்றால் அடுத்த குழுவுக்குப் போய்விடும். அவள் பழையபடி இரவல் கருவியோடு மூலையில் உட்கார வேண்டியதுதான்.

திரையில் கடைசிப் படம் வந்தது. நேற்று எடுத்த புது அளவு. வாயுவின் வெப்பநிலை அறுநூறு கெல்வின் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நிபுணர் அம்மா புருவத்தைச் சுருக்கினார். பேனா மூடியைக் கழற்றினார்.

பம்ப்காரர் எழுந்தது அப்போதுதான்.

"எனக்கு ஒரு சின்ன சந்தேகம். வெளிச்சம் விடற மூலக்கூறும், வெளிச்சம் விடாம சும்மா இருக்கற மூலக்கூறும் ஒரே மாதிரிதான் சுத்துமா?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இது முதல் பாடத்தில் வருகிற விஷயமாம். ஆராய்ச்சிக்கூடத்தின் இயக்குநர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்லத்தானே வேண்டும்?

"அது எப்படிங்க ஒரே மாதிரி சுத்தும்? எலக்ட்ரான் வந்து மோதினாதான் மூலக்கூறு வெளிச்சம் விடும். மோதினதும் அது கொஞ்சம் உப்பிக்கும். கையை விரிச்சுக்கிட்டுச் சுத்தினா வேகம் குறையும் இல்லையா, அந்த மாதிரி. அதனால வெளிச்சத்துல கிடைக்கிற வெப்பநிலையை நாம ரெண்டால பெருக்கினாதான்..."

நிறுத்தினாள். திரையைத் திரும்பிப் பார்த்தாள். அரங்கில் சிரிப்பு அடங்கிவிட்டது.

"மன்னிக்கணும். திரையில இருக்கறது இன்னும் பெருக்காத எண். அவசரத்துல அப்படியே போட்டுட்டேன். வாயுவோட வெப்பநிலை ஆயிரத்து இருநூறு கெல்வின்."

நிபுணர் அம்மா பேனாவை மூடினார். பிறகு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கூட்டம் முடிந்ததும் இயக்குநரிடம் இரண்டே வார்த்தை பேசினார். புதிய கலம் அவளுக்கு என்று முடிவாகிவிட்டது.

தேநீர் நேரத்தில் எல்லார் வாயிலும் பம்ப்காரர்தான் விழுந்து புரண்டார். பெண்டாட்டி இவ்வளவு படித்தவள், இந்த மனுஷனுக்கு அரிச்சுவடிகூடத் தெரியவில்லையே என்று ஒரு கட்சி. அதெல்லாம் இல்லை, அவள் பேர் வாங்குவது பொறுக்காமல் காலை வாரப் பார்த்தார், அது அவளுக்கே நல்லதாய்ப் போய்விட்டது என்று இன்னொரு கட்சி. அவரோ இரண்டும் காதில் விழாதவர் போல பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

மனைவி பூரிப்போடு வந்தாள். மற்றவர்கள் காதில் விழாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரியாம இருந்ததே நல்லதாப் போச்சு. நீங்க மட்டும் கேக்கலைன்னா இன்னைக்கு என் மானம் கப்பலேறியிருக்கும். ஆனாலும், எத்தனை தடவை வீட்ல சொல்லியிருக்கேன்? ஒரு வார்த்தையாவது காதுல ஏறியிருக்கா?"

அவர் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். அவளுக்கே பாவமாகிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போய் முதலிலிருந்து சொல்லித் தருகிறேன், இந்தத் தடவையாவது ஒழுங்காகக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, வாழ்த்த வந்தவர்கள் பக்கம் போனாள். பம்ப்காரர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

அவர் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தபோது நிபுணர் அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் எழுந்து சொல்ல இருந்ததைத்தான் நீங்க கேள்வியா கேட்டீங்க. விடை தெரியாத ஆளுக்கு அப்படிக் குறிபார்த்துக் கேக்க வராது. பம்ப் பார்க்கறவர் இதையெல்லாம் எங்கே படிச்சீங்க?"

பம்ப்காரர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார்.

"படிக்கல மேடம். கல்யாணமானதுல இருந்து சாப்பிடும்போதெல்லாம் அவ சொல்றதை ஒண்ணு விடாம கேட்டுக்கிட்டு வரேன். தயவுசெஞ்சு அவகிட்ட சொல்லிடாதீங்க. காதுல ஏறலைன்னு நினைச்சாதானே இன்னைக்கும் முதல்ல இருந்து சொல்லுவா?"