தப்பு நோட்டில் ஒரு பக்கம்

இசபெல்லா புளிக்கறை படிந்த விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

கடத்தூரில் அவள் அப்பா வீடு. அவள் புருஷன் கஸ்பார் மஞ்சள் காமாலையில் இறந்து, முப்பதாம் நாள் பூசையும் முடிந்திருந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் பெங்களூரிலிருந்து கிளம்பி வந்திருந்தேன்.

நானும் கஸ்பாரும் அங்கே ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் புரோகிராம் எழுதிவந்தோம். மொத்தம் ஏழு பேர்.

அந்த அறையில் ஒரு நோட்டு உண்டு. யார் தவறு செய்தாலும், என்ன நடந்தது, எப்படிச் சரியாயிற்று என்று அதில் எழுதிவைப்போம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சங்கதிகள். மழைக்காலத்தில், புரோகிராமின் வரிக்கு ஒன்றாகத் துளைபோட்ட கார்டுகள் நமுத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதும், எங்களில் ஒருவனான சவுரியப்பன் அவற்றைக் கேன்டீன் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் காயவைத்து அப்பளமாக்கிய கதையும் அதில்தான் இருந்தன.

தப்பு செய்தவர் பெயரை எழுத வேண்டும். சரிசெய்தவர் பெயரை எழுதக்கூடாது. அது எங்கள் வழக்கம்.

புது மெஷின் வரப்போகிறது, ஆளுக்கொரு பக்கமாகப் பிரியப்போகிறோம். அதனால் நோட்டை டைப் அடித்து எல்லோரும் ஒரு பிரதி வைத்துக்கொள்வது என்று முடிவாகி, அந்த வேலை என்னிடம் வந்தது.

கஸ்பாரின் தப்பு என்று எழுதியிருந்த பக்கத்தைப் பற்றிப் பேசத்தான் வந்திருந்தேன். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல் நோட்டையே அவள் கையில் கொடுத்துவிட்டேன். பள்ளி இறுதி வரை படித்தவள். எங்கள் இங்கிலீஷ் அவளுக்குப் புரியும்.

ஐந்து வருஷத்துக்கு முந்தைய சம்பவம் அது. ஆயிரத்து இருநூறு ஊழியர்களின் பெயரை அச்சடிக்கும் புரோகிராம். அடுத்த பெயருக்குப் போ என்று சொல்லும் ஒரு கார்டு மட்டும் கார்டுக்கட்டுக்குள் இல்லை. நாங்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், பிரிண்டர் பட்டியலின் முதல் ஆளான கேன்டீன் மாயவனின் பெயரையே ஒரு பெட்டித் தாள் தீரும்வரை அடித்துத் தள்ளியிருந்தது. மேனேஜர் விசாரித்தபோது கஸ்பார் தன் தப்பென்று ஒத்துக்கொண்டதும் அதில் இருந்தது.

மாயவன் வந்து, தரையெல்லாம் கிடந்த தன் பெயரைப் பார்த்துக் கேட்டதை அப்படியே எழுதிவைத்திருந்தோம்.

"ஏன் சார், நான் செத்துட்டனா?"

அந்த இடத்தில் இசபெல்லா சிரித்துவிட்டாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அவள் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"இத எடுத்துடலாமான்னு கேக்க வந்தீங்களாண்ணே? செத்தவரப் போயி கேலி பண்றமேன்னு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்தாள். வரிவரியாக விரலை ஓட்டிக்கொண்டே போனாள். கடைசிப் பக்கம் வரை.

"வேற எங்கியுமே அவரு பேரக் காணமுங்களே."

"அவன் தப்பே பண்ணமாட்டாம்மா. எங்க தப்பையெல்லாம் சரிபண்ணினது அவந்தான். அத எழுதறதில்ல."

"அப்ப இந்த ஒரு எடந்தானா?"

"ஆமாம்மா."

பாயில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் மேல் உட்கார்ந்த ஈயை ஓட்டினாள்.

"இருக்கட்டும்ணே, எடுத்துடாதீங்க. பாப்பாவுக்கு ரெண்டு வயசு. அப்பன் மொகமே தங்காது. பெருசானா இதக் காட்டிச் சிரிப்பேன்."

பிறகு, எதையோ உறுதிப்படுத்திக்கொள்வதுபோலக் கேட்டாள்.

"மேனேஜரு கேட்டப்ப, தானா எந்திரிச்சு ஒத்துக்கிட்டாருங்களா?"

"தானாத்தான். அவன யாரும் கேக்கக்கூட இல்ல."

அவள் தலையாட்டினாள். தெரிந்த மனிதரைப் பற்றித் தெரிந்ததைக் கேட்டதுபோல.

என் சட்டைப்பையில் ஒரு தாள் இருந்தது. அந்தப் பக்கத்துக்குப் பதிலாகச் சேர்க்க நான் எழுதிக் கையெழுத்துப் போட்டது. அன்று அந்தக் கார்டைக் கட்டுக்குள் வைக்க மறந்தவன் நான், வேலைக்குச் சேர்ந்து நாலாவது மாதம், யார் செய்தது என்று மேனேஜர் கேட்டதும் நான் எழுவதற்குள் கஸ்பார் எழுந்துவிட்டான் என்று அதில் எழுதியிருந்தேன்.

அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, நோட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். அடுத்த வாரம் அந்தப் பக்கத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் டைப் அடித்தேன்.

அந்தத் தாளிலும் ஒன்று சரியில்லை. நான் எழுவதற்குள் என்று எழுதியிருந்தேன்.

நான் எழவே இல்லை.