எட்டாவது எழுத்து

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி சர்வருக்கு வயது இருபத்திரண்டு. ஒரு மெயில் ஐடிக்கு எட்டு ஆங்கில எழுத்துக்கு மேல் தராது. பெயருக்கு ஏழு, இனிஷியலுக்கு ஒன்று. அன்று ஆபீசில் எல்லோருக்கும் ஐடி போட்டுக்கொண்டிருந்தேன்.

ஷரீஃபுன்னிசா மேடம் பாதியில் வெட்டுப்பட்டு ஷரீஃபு ஆனார். ஸ்டோர்ஸ் உத்தமன் மட்டும் கச்சிதமாக அடங்கினான்.

“இன்னா அண்ணாத்தே, இந்தப் பொட்டி இன்னும் உசுரோட கீதா?” என்றான், பக்கத்து நாற்காலியில் சாய்ந்தபடி.

அடுத்தது அக்கவுண்ட்ஸ் அனுசுயா. அளவெடுத்த மாதிரி ஏழு எழுத்து. கேட்காமலேயே கடைசியில் பி போட்டு முடித்துவிட்டேன். பி என்றால் பால்ராஜ், கணவர் பெயர். ஐடி கார்டிலும் அதுதான் இருக்கிறது.

அனுசுயா என் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள்.

“பி வேணாம் சார். ஜே போடுங்க.”

ஜே அவள் அப்பா ஜானகிராமன்.

உத்தமனுக்குத் திடீரென்று டீ ஞாபகம் வந்தது. எழுந்து போய்விட்டான்.

இந்த சர்வரில் ஐடியைத் திருத்த முடியாது, அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும், ஒருமுறை அழித்த ஐடியை எந்த ஜென்மத்திலும் மறுபடி ஏற்காது என்று விளக்கினேன். உண்மைதான். ஆனால் அவ்வளவு நீட்டியிருக்க வேண்டாம். இப்போதைக்கு இருக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன்.

“அப்புறம் அப்புறம்னே பதினோரு வருசம் ஓடிப்போச்சு சார்.”

குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அழிக்கவா என்று திரை கேட்டது. எனக்கு மனசே வரவில்லை. சட்டை நுனியால் மானிட்டரைத் துடைத்தேன். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டித் தூசி எடுத்தேன். அவள் நகரவில்லை.

யெஸ்ஸுக்கான ஒய்யை அழுத்தினேன்.

புது ஐடி ஒரு நிமிடத்தில் தயார். பாஸ்வேர்டை அவளே அடித்தாள். எல்லோருக்கும் செய்வது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தேங்க்ஸ் சார் என்று சொல்லிவிட்டுத் தன் சீட்டுக்குப் போனாள்.

எந்த ஐடியை அழித்தாலும் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும், அது கம்பெனி விதி. பழைய ஐடி, புது ஐடி இரண்டையும் எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் ‘சம்பந்தப்பட்டவர் கேட்டுக்கொண்டபடி’ என்று போட்டேன். அதற்கு மேல் எழுத அங்கே இடமில்லை.

கடைசிக் கட்டம், அழித்தவர் பெயர்.

பால்ராஜ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.