கேபிளைப் பிடுங்கிய பிறகு

ஜன்னல் வெயில் வெள்ளைப்பலகையில் பாதியைத் தின்றுவிட்டது. மீதிப் பாதியில் அண்ணி வரைந்த பெரிய பூஜ்யம் நிற்கிறது, அதன்மேல் கோபமாக ஒரு குறுக்குக்கோடு. அண்ணியும் கொழுந்தனும் சேர்ந்து உருவாக்கும் தரவுத்தளத்துக்கான கணினி மொழி முதன்முதலாக ஒரு ரத்த வங்கிக்குப் போகப்போகிறது. தரவுத்தளத்துக்குள் சேமித்து வைத்திருக்கும் சிறு நிரலிடம் இந்த வகை ரத்தம் எத்தனை பை என்று கேட்டால், இருப்பு தீர்ந்திருந்தாலும் பூஜ்யம்தான் சொல்லும், தேடவே முடியாமல் போனாலும் பூஜ்யம்தான் சொல்லும். "ரெண்டும் ஒண்ணா? ரத்தம் ஃப்ரிட்ஜுல இருக்கும், ஆளு வெளிய செத்துக்கிட்டிருப்பான்" என்று காலையிலிருந்து பொரிந்து தள்ளுகிறாள் அண்ணி. நிரலில் அந்தப் பூஜ்யத்தை எழுதியவன் கொழுந்தன்தான். இப்போது எண்ணோடு, தேடல் நடந்ததா என்ற நிலையையும் சேர்த்தே திருப்பித் தரும்படி மாற்றியிருக்கிறான்; நிலையைப் பார்க்காமல் எண்ணை எடுக்க மொழியே விடாது. மின்விசிறிக் காற்றில் காலிக் காகிதக் கோப்பை மேசைமேல் அங்கும் இங்கும் உருள்கிறது. "பிடுங்குங்க அண்ணி" என்கிறான். அவள் குனிந்து, இருப்பு விவரம் உள்ள கணினியின் கேபிளை உருவுகிறாள். பச்சை விளக்கு அணைகிறது. அவன் அதே கேள்வியைத் தட்டுகிறான். கேபிள் நுனியைக் கையில் பிடித்தபடியே அவள் திரையை எட்டிப் பார்க்கிறாள். ஒரே ஒரு சொல் வருகிறது: தெரியவில்லை. "அப்பாடா, சொல்லிடுச்சு!" என்று சிரிக்கிறாள். "உங்க அண்ணன் வாயிலருந்து இந்த வார்த்தைய ஒருநாளாவது வாங்க முடிஞ்சிருக்கா?" கேபிளைத் திரும்பச் செருக மனமில்லாமல், அந்தச் சொல்லை இன்னொரு முறை வாய்விட்டுப் படிக்கிறாள்.