கொக்குக்கு இடம்

துணியில் விழுந்த சிவப்பைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தாள்.

ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஓர் எண்.

தரை முழுக்க விரித்த வெள்ளைத் துணியில் நகரம் கிடந்தது. கடல், ரயில் பாதை, மீன் சந்தை, பாலம். ஆளுக்கொரு மூலையில் குந்தித் தங்களுக்குத் தெரிந்த தெருவை வரைந்திருந்தார்கள். பாலத்துக்குக் கீழே ஆற்றங்கரையை வரைந்தவள் அவள்தான். சிமெண்டு தின்ற விரல்களுக்குத் தூரிகை பிடிபட நேரமானது.

துணி விரித்திருந்த அந்தக் கட்டடத்துக்குக் கலவை சுமக்க வந்த சித்தாள் அவள். மாடியில் படம் வரைகிறவர்கள் கூடுவார்கள். அவர்களில் தாரிணி என்கிற பெண், அக்கா நீங்க எந்தப் பக்கம் என்று ஒருநாள் படியில் நின்று கேட்டது. அப்படித் தொடங்கிய பழக்கம்.

ஊரை நடந்து பார்ப்பதுதான் திட்டம். கடற்கரையில் கிளம்பி, சந்து சந்தாக நுழைந்து, அவளுடைய கரையில் வந்து முடியும். வழிநெடுகக் கதவுகளில் ஓவியம். வீட்டுக்காரரும் வரைகிறவரும் சேர்ந்து போடுவது. நடந்து வருகிறவர்கள் கதவுக்குக் கதவு நின்று கதை கேட்பார்கள்.

அடுத்த கதவு எது என்று தெரிய வேண்டும் இல்லையா. அதற்குத்தான் எண் என்றது தாரிணி. சிவப்பு என்றால் தூரத்திலேயே தெரியும்.

அவளுக்கும் தெரியும்.

முன்னே அவள் வேறொரு கரையில் இருந்தாள். அங்கே கதவில் சிவப்பு எண் வந்தது. எண்ணுக்கு அடியில் ஒரு கோடு. ஆடி பிறப்பதற்குள் இடிக்கிற இயந்திரமும் வந்தது. லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே அடுக்குவீட்டில் இறக்கினார்கள். வேலைக்கு வந்து திரும்பவே பகல் போதவில்லை. புருஷன் அங்கே வேலையற்றுக் குந்திக் குந்தியே போய்ச் சேர்ந்தான். அவள் திரும்பி வந்து இந்தக் கரையில் தகரம் அடித்துக்கொண்டாள்.

இங்கே இருக்கிற எல்லாரும் அப்படித் திரும்பி வந்தவர்கள்தான்.

அதனால் கரையில் ஒரு கட்டு உண்டு. வெளியாள் வந்தால் கதவைச் சாத்து. பேர் கேட்டால் சொல்லாதே. பெண்கள் வாசலை அடைத்துக் குறுக்கே உட்கார்ந்துவிடுவார்கள். காகிதமும் கையுமாக வந்தவர்கள் ஒரு கதவையும் தொடாமல் போயிருக்கிறார்கள்.

அந்தக் கட்டை இந்தப் பிள்ளைகளுக்காக அவிழ்த்தவள் அவள். வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். படம் போட வருவாங்க. பேர் கேட்டா சொல்லுங்க. கதவுல என்ன எழுதினாலும் தடுக்காதீங்க. நான் பொறுப்பு.

"நம்பர் மட்டும் வேணாம்மா" என்றாள் இப்போது. "கதவுல நம்பரப் பாத்தா எங்காளுங்களுக்குச் சோறு எறங்காது."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.

அந்தப் பிள்ளை ஏன் என்று கேட்கவில்லை. வெள்ளைச் சாயத்தைத் தொட்டு எண்ணின்மேல் பூசியது. அடியிலிருந்து சிவப்பு கசிந்து தெரிந்தது. மறுபடி பூசியது. மறுபடி தெரிந்தது.

பதிலுக்கு என்ன வைக்கலாம் என்று அவளையே கேட்டார்கள். தன் கதவுக்குக் கொக்குதான் வேண்டும் என்று பக்கத்து வீட்டு எஸ்தர் பிடிவாதமாகச் சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது. சொன்னாள். கதவுக்கு ஒரு பறவை என்று முடிவானது. அவள் தனக்கு நீர்க்காகம் கேட்டுக்கொண்டாள்.

கதவுக்கான பெயிண்ட் இனிமேல்தான் வாங்க வேண்டுமாம். பொங்கல் கழித்து வருகிறோம் என்றார்கள்.

வெயில் தாழ்ந்திருந்தது. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. தன் தகரக் கதவில் அது எப்படி நிற்கும் என்று யோசித்தபடியே கரைக்கு இறங்கினாள்.

அவள் பூட்டிப் போனதைத் தவிர எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது.

இங்கே வந்த நாளிலிருந்து அப்படி அவள் பார்த்ததில்லை.

எஸ்தர் வாசலில் டீ கிளாசுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அத்தனையும் அவள் வீட்டுக் கிளாஸ் இல்லை. இரவல் வாங்கியிருக்கிறாள்.

நீ அங்கே கூட்டம் போட்டு வாய் பார்த்துக்கொண்டிரு, உன் ஆட்கள் இங்கே வந்து வேலையை ஆரம்பித்துவிட்டார்கள் என்று கேலி பேசினாள். ஜீப்பில் வந்தார்களாம். அம்மா, ஐயா என்று மரியாதையாம். ஒருவரும் கதவைச் சாத்தவில்லை. பேர் சொன்னார்கள். எத்தனை பேர் என்று சொன்னார்கள். கைநாட்டும் வைத்தார்கள். வந்ததில் ஒருவருக்குச் சர்க்கரை ஆகாதாம், அவருக்கு மட்டும் தனியாக டீ போட்டாளாம். பூட்டிக் கிடந்த வீட்டில் ஆள் உண்டா என்று கேட்டபோது, அக்கா வீடு விட்டுப்போகக் கூடாதே என்று எஸ்தர்தான் கை காட்டினாளாம்.

"நம்பரப் பாத்ததும் பக்குனு ஆயிடுச்சிக்கா. அப்பறம் நீ சொல்லிட்டுப் போனது ஞாபகம் வந்துச்சி. சரி, எழுதிக்கட்டும்னு வுட்டுட்டேன்."

அவள் தன் கதவைப் பார்த்தாள்.

வட்டம் இல்லை.

எண் இருந்தது. அடியில் ஒரு கோடு.

தொட்டாள். விரலில் ஒட்டியது.

எஸ்தர் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தன் கதவில், எண்ணுக்கும் கீலுக்கும் நடுவே விரலை விரித்து ஒரு சாண் வைத்துக் காட்டினாள்.

"கொக்குக்கு இவ்ளோ எடம் போதுமாக்கா?"