பூட்டு போட்டவர்

“அந்தப் பூட்டு வீட்டு வாசல்ல போய் நான் நிக்கணுமா? அதுக்கு இந்தப் பணம் கவர்மென்ட்டுகிட்டயே கிடந்து மக்கட்டும்!”

அக்கா போட்ட சத்தத்தில், நகராட்சி அலுவலகத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள்.

கவுன்ட்டரில் இருந்த கிளார்க் அம்மா அசரவில்லை.

“பூட்டோ சாவியோ, எனக்குத் தெரியாதும்மா. முப்பது வருஷத்துக்கு முன்னாடி உங்கப்பா இந்த விலாசத்துல குடியிருந்தார்னு ஆதாரம் வேணும். பழைய பில், லெட்டர் ஏதாவது இருக்கா?”

“இல்ல.”

“அப்ப வீட்டுக்காரர் கையெழுத்து போடணும். நாங்க சீல் வெச்சுக் குடுப்போம். மாநில ஆபீஸ்ல பணம் தருவாங்க.”

“என்ன பணம்னாவது சொல்லுங்களேன்?”

“லிஸ்ட்ல பேரும் விலாசமும்தான் இருக்கும். மத்ததெல்லாம் அங்கே ஃபைலைத் திறந்தாத்தான்.”

எல்லாம் தம்பியால் வந்தது. வேலை வெட்டி இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேட்க ஆளில்லாத பணத்துக்கு அரசாங்கம் போட்டிருந்த பட்டியலை போனில் பார்த்தவன், சும்மா அப்பா பெயரைத் தட்டினான். வந்துவிட்டது.

வெளியே வந்ததும் தம்பி கேட்டான்.

“என்ன பணமா இருக்கும்க்கா? இன்ஷூரன்ஸா? லாட்டரியா?”

“நமக்குத் தெரியாம சேத்து வெச்சிருப்பார்டா.”

“அப்பாவா? பஸ்ஸுக்குச் சில்லறை இல்லாம நடந்தே போனவர்!”

“அதனாலதான்டா தெரியணும். ‘நாணயம் கெட்டவன்’னு சித்தப்பா அத்தனை பேர் முன்னாடி சொன்னாரே, அப்பாவைத் தூக்கிட்டுப் போன அன்னிக்கே! அந்த ஃபைலை அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டணும். பணம் பத்துக் காசா இருந்தாலும் பரவாயில்ல.”

“அப்ப பூட்டுகிட்ட போய்த்தான் ஆகணும்.”

அக்கா பல்லைக் கடித்தாள்.

வீட்டுக்காரருக்கு அவர்கள் குடும்பத்தில் ‘பூட்டு’ என்றுதான் பெயர். ஒரு நாள் அப்பா பள்ளிக்கூட வாசலுக்கே வந்து, “வீட்டுக்காரன் பூட்டு போட்டுட்டான், அட்வான்ஸையும் விழுங்கிட்டான்” என்று சொல்லி, இரண்டு பேரையும் நேராகச் சித்தப்பா வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். அன்றைக்கு வைத்த பெயர்.

“அந்தப் பூட்டை நீ பார்த்தியாக்கா?”

“அப்பா சொன்னாரே.”

“நாலு மாச வாடகை பாக்கி இருந்ததே...”

“இருந்தா? நாலு மாசத்துக்கு வீட்டைப் பூட்டுவாங்களா? நீ யார் கட்சி?”

வண்டியைக் கிளப்பினான் தம்பி.

கதவைத் திறந்த கிழவருக்கு இவர்கள் யார் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார். அக்கா உட்காரவில்லை.

“ஒரு கையெழுத்து வேணும். அவ்வளவுதான்.”

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஃபார்மைப் படித்தார்.

“அப்பா எப்படிம்மா இருக்கார்?”

“போயிட்டார். பன்னெண்டு வருஷமாச்சு.”

பேனாவை எடுத்தவர் அதைக் கீழே வைத்தார்.

“என்னைப் பத்தி ஏதாவது சொன்னாராம்மா?”

“நிறைய சொன்னார். அதையெல்லாம் எழுத இந்த ஃபார்ம்ல இடம் இல்ல.”

தம்பி அவள் முழங்கையைக் கிள்ளினான். கிழவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

“இது என்ன பணம்னு சொன்னாங்களா?”

“எந்தப் பணமா இருந்தா உங்களுக்கென்ன? பங்கு கேக்கலாம்னு பாக்கறீங்களா?”

கிழவர் பேனாவை எடுத்தார். ‘இவருடைய குடும்பம் என் வீட்டில் குடியிருந்தது’ என்று, எழுத்தெல்லாம் இடது பக்கம் படுத்துக்கொள்ளும்படி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

படியிறங்கும்போதே அக்கா சொன்னாள், “மறுபேச்சு இல்லாம போட்டுட்டார் பாரு. குத்தமுள்ள நெஞ்சு.”

மறுவாரம் மாநில அலுவலகம். எட்டாம் நம்பர் கவுன்ட்டரில் இருந்தவர் சீல்களையெல்லாம் சரிபார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு மெலிந்த ஃபைலைத் தூசி தட்டிக்கொண்டே வந்தார். ஒரு தும்மல் போட்டார்.

“இது வீட்டு அட்வான்ஸ் பணம்மா.”

“என்னது?”

“குடியிருந்தவங்க சொல்லாம கொள்ளாம காலி பண்ணிட்டுப் போயிட்டா, வீட்டுக்காரர் அட்வான்ஸை அவங்க பேர்ல இங்கே கட்டலாம். எத்தனை பேர் கட்டுவாங்க? எனக்குத் தெரிஞ்சு இவர் ஒருத்தர்தான். சாவியைக் கதவுலயே விட்டுட்டுப் போயிட்டாங்க, ரெண்டு வருஷம் தேடியும் விலாசம் கிடைக்கலன்னு எழுதியிருக்கார்.”

தம்பி அக்காவைப் பார்த்தான்.

“சாவியை... கதவுலயே...?”

அக்கா அவன் பக்கமே திரும்பவில்லை. விட்டுக்கொடுக்கிற நாக்கா அது?

“நாலு மாசப் பாக்கியைக் கழிச்சுக்கிட்டுத்தானே கட்டியிருப்பார்? அதைப் பாருங்க!”

“கழிச்சா கணக்கு எழுதணும்மா. அதுக்குன்னு ஒரு கட்டம் இருக்கு. நீங்களே பாருங்க.”

ஃபைலை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

‘வாடகை பாக்கி, நடத்தை’ என்று அச்சடித்திருந்த கட்டத்துக்குள், இடது பக்கம் படுத்துக்கொண்ட எழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது:

‘பாக்கி எதுவும் இல்லை. நாணயமான மனிதர்.’