சிறையிருப்பு

“குவைத்துலேர்ந்து வந்தவரப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டு, சிறையிருப்பப் பத்தி நான் என்னத்தச் சொல்றது? எல்வின், நீங்களே சொல்லுங்க. பாபிலோனுக்குச் சிறைபிடிச்சுட்டுப் போன ஜனங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின கடுதாசிக்கு என்ன அர்த்தம்?”

போதகர் வேதாகமத்தை நீட்டினார். குத்தாலத்துக்குப் பக்கத்தில், எல்வினின் வீட்டுக் கூடத்தில்தான் அந்த வாரத்து ஜெபக்கூட்டம். பாயில் பத்துப் பதினைந்து பேர். ஒன்பது வருடம் கழித்து வீடு திரும்பியவனைப் பார்க்கவென்றே சிலர் வந்திருந்தார்கள். மகள் ஜாஸ்லினைப் பெண் கேட்டு வந்தவர்களும் இருந்தார்கள்.

சமையலறை வாசலில் நின்ற மனைவி ஜாய்ஸ், வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தாள்.

“எனக்கென்னங்கய்யா தெரியும்...”

“பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டு இத்தன வருஷம் இருந்தவருக்குத் தெரியாததா?”

எல்லோரும் சிரித்தார்கள். எல்வினுக்குக் காது மடல் சுட்டது. புத்தகத்தை வாங்கி மடியில் வைத்தான்; திறக்கவில்லை. அந்த அதிகாரம் அவனுக்கு மனப்பாடம்.

“ரெண்டே வருஷத்துல வந்துடலாம்னு கள்ளத் தீர்க்கதரிசி ஒருத்தன் சொன்னான். அத நம்பினவங்க ஒடஞ்சு போனாங்க. எரேமியாதான் உள்ளத எழுதினாரு. எழுபது வருஷம் ஆகும், அதுவரைக்கும் அங்கேயே வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, அந்த ஊருக்காக ஜெபம் பண்ணுங்கன்னு. கூட்டிட்டு வருவேன்னு கர்த்தர் சொன்னது நெசம். நாளைக்கேன்னு சொல்லல.”

“நீங்க தோட்டம் போட்டீங்களா?” என்றார் ஒரு பெரியவர்.

“போட்டேங்க. கத்தரியும் வெண்டையும்.”

“பாலைவனத்துலயா? அடேங்கப்பா!”

மறுபடியும் சிரிப்பு. எல்வின் தரையைப் பார்த்தான்.

மூலையிலிருந்து அம்சம் கேட்டாள். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து மூன்று வாரமாக வருபவள்; யாரோடும் அதிகம் பேசாதவள். “கர்த்தர் எதுக்குங்க அவங்கள அங்க அனுப்பினாரு?”

எல்வின் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

“தப்பு பண்ணினாங்க. மொதல்ல ராஜா மேல பழி போட்டாங்க, அப்பன் பாட்டன் மேல போட்டாங்க. தப்பு என்னுதுதான்னு என்னிக்கு ஒத்துக்கிட்டாங்களோ, அன்னிக்குத்தான் அந்தக் கடுதாசி புரிஞ்சுது.”

“திரும்பி வந்தப்போ ஊரு சேத்துக்கிச்சா?”

எல்வின் பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ஜாய்ஸ் டீத் தட்டோடு நடுவில் வந்துவிட்டாள்.

“எவ்வளவு தாழ்மை பாருங்க! வெளிநாட்டுல சம்பாரிச்சுட்டு வந்தவரு மாதிரியா பேசுறாரு?” என்று மெச்சிய போதகர், அடுத்த ஞாயிறு கோயிலில், கர்த்தர் தன்னை நடத்திவந்த விதத்தை எல்வின் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். கன்னத்தில் அறை வாங்கியவன்போல் உட்கார்ந்திருந்தான் எல்வின்.

கூட்டம் கலைந்தது. செருப்பைத் தேடுவதுபோல் அம்சம் மட்டும் வாசலில் தங்கினாள்.

“நீங்க கேட்டதுக்கு நான் பதில் சொல்லலீங்க,” என்றான் எல்வின். “சேத்துக்குமான்னு எனக்கே தெரியல.”

“பரவால்லீங்க. எங்க வீட்டுக்காரர் வர்றதுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு. அவருகிட்டப் போயி சொல்றதுக்கு எதாச்சும் வேணும்னுதான் கேட்டேன்.”

“அவர் எங்க இருக்காரு?”

அம்சம் தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“உங்க வீட்டுல குவைத்துன்னு சொன்ன மாதிரி, நான் ஊர்ல துபாய்னு சொல்லி வெச்சிருக்கேன். திருச்சி ஜெயில்ல மனு போட்டு அவரப் பாக்கப் போறப்பல்லாம், கம்பிக்கு அந்தப் பக்கம் உங்களையும் பாத்திருக்கேங்க.”