சுவரை ஒட்டி ஒரு பள்ளம்

"இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டுங்க. செவுத்தை ஒட்டியே போகட்டும்."

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்ததும், துணி உலர்த்திக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் கையிலிருந்த துணியை வாளியிலேயே போட்டாள். போன வாரம்தான் கொத்தனாரை வைத்து அந்தச் சுவரை ஆள் உயரத்துக்கு மேல் ஏற்றியிருந்தாள். பூச்சின் ஈரம்கூட இன்னும் முழுதாகக் காயவில்லை.

எல்லாம் பக்கத்து வீட்டு அக்காவால் வந்த வினை. தெருவில் அவளுக்கு 'சிசிடிவி அக்கா' என்று பெயர். டீச்சரின் கணவர் கொல்லைக் குழாயடியில் பாத்திரம் தேய்ப்பதை ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டாள். மாலைக்குள் தெருமுனைக் கடைக்காரரே, "சார், எந்த சோப்புல தேய்ச்சா பளபளன்னு வருது?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்றோடு மனிதர் கையைக் கழுவிவிட்டார். அத்தனை பாத்திரமும் டீச்சர் தலையில் விழுந்தது. "செவுத்தை ஒசத்து, அப்புறம் தேய்க்கிறேன்" என்று அவர் இறங்கி வந்த பிறகுதான் கொத்தனாருக்கே ஆள் அனுப்பினாள். இப்போது சுவர் சாய்ந்தால் கதை கந்தல்.

கொல்லைப்புற மாடிப்படியில் விறுவிறுவென்று ஏறி எட்டிப் பார்த்தாள். அடுத்த வீட்டை எட்டிப் பார்ப்பது நாகரிகமா என்ற கேள்வி அந்த நேரத்தில் அவளுக்கு எழவில்லை.

அங்கே வட்டமாக ஒரு பள்ளம். இடுப்பளவு இறங்கி ஓர் ஆள் மண்ணை வாரிக்கொண்டிருந்தார். அக்கா கொண்டையும் மூக்குக் கண்ணாடியுமாக நாற்காலி போட்டு மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது? செவுரு சாஞ்சுடப் போகுது!"

"டிராம்போலின்மா! மேல நின்னு குதிச்சா ஆளைத் தூக்கித் தூக்கிப் போடுமே, அது. லீவுக்குத் தம்பி பசங்க வர்றாங்க. தரையோட தரையாப் பதிச்சுட்டா தவறி விழுந்தாலும் அடிபடாது."

"நடுவுல வைக்கலாமேக்கா?"

"நடுவுல வெயில் மண்டையைப் பொளக்குது. பச்சைப் புள்ளைங்க பாவம்ல? இங்கதான் நிழல்."

பள்ளத்திலிருந்த ஆள் நிமிர்ந்தார். "பயப்படாதீங்கம்மா. சுத்திக் கல்லு கட்டிடுவேன். உங்க செவுரு அசையாது."

"அது இருக்கட்டும், எம்பது கிலோ தாங்குமா?" என்றாள் அக்கா அவரிடம்.

"நூறே தாங்கும்."

டீச்சர் மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். இரண்டு வாண்டுகளையும் சேர்த்து நிறுத்தினாலும் அதில் பாதி வராது. வளர்கிற பிள்ளைகள் ஆயிற்றே, அக்கா முன்யோசனையோடு கேட்கிறாள் என்று நினைத்தபோது நெகிழ்ச்சியாக இருந்தது.

படியிறங்கும்போது அவளுக்கு வெட்கமாகவே போய்விட்டது. தம்பி பிள்ளைகள் மேல் இவ்வளவு பாசம் வைத்திருக்கும் மனுஷிக்குப் பயந்தா சுவர் எழுப்பினோம்? பாவம், பொழுது போகாமல் ஏதோ ஒருநாள் எட்டிப் பார்த்திருப்பாள்.

மறுநாள் மாலை வேலை முடிந்து அந்த ஆள் மண்வெட்டியோடு கிளம்பிப் போனார். சுவர் கம்பீரமாக நின்றது.

"இனிமே ஈ காக்கா கண்ணுல படாது. தைரியமா வாங்க" என்று கணவரை அழைத்தாள்.

அவர் பாத்திரக் குவியலோடு வந்தார். சுவரை மேலும் கீழும் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குக்கரை எடுத்தார்.

'தொம்!'

"பசங்க வந்துட்டாங்க போல" என்றாள் டீச்சர் பூரிப்போடு.

'தொம்! தொம்!'

சுவருக்கு மேல் ஒரு கொண்டை எழுந்து மறைந்தது. மறுபடி எழுந்தபோது அதற்குக் கீழே மூக்குக் கண்ணாடியும் இருந்தது.

"தம்பி... குக்கர்... அடியில... இன்னும்... கரி போகலை!"